ஐந்து தராசு மட்டும் நிற்கிறது: தாக்குதலா, ஓட்டையா?

பூமார்க்கெட் தம்பி · செவ்வாய், காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளின் எடைக் கணக்கு மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியது நான் இல்லை. வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் வாங்கியது, மூல நிரல் எங்கள் கையில் கிடையாது.

மொத்தம் 34 மின்னணுத் தராசு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. கூடையைத் தூக்கி வைத்ததும் எடை அந்தப் பெட்டி வழியாக வாடகை சர்வருக்குப் போகும். சர்வர் பதில் சொன்னால்தான் பிரிண்டர் சிட்டை அடிக்கும். 26 பெட்டிகள் கடைகளின் பொது ரௌட்டர் வழியாகப் போகின்றன, மீதி 8 பெட்டிகளில் சிம் கார்டு.

பிரச்சினை இதுதான். சில வாரங்களுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் விடியற்காலையில், நான்கைந்து தராசு மட்டும் நின்றுவிடும். மற்றவை ஒழுங்காக ஓடும். நின்ற பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதாவது சர்வரோடு இணைந்திருக்கிறது என்று அர்த்தம். சிட்டை மட்டும் வராது. எந்த ஐந்து தராசு என்பதற்கும் ஒரு கணக்கு இல்லை. இந்தத் தடவை வடக்கு வரிசை என்றால் அடுத்த தடவை தெற்கு வரிசை. மழை நாட்களில் அடிக்கடி வருவதால் கேபிளில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கேபிளை மாற்றினேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடும்.

போன முகூர்த்த நாளில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, நான்கு கிலோ மல்லியை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் வந்த நேரத்தில் விலை நன்றாக இருந்தது. நாங்கள் பச்சை விளக்கை நம்பி, தராசைத் தட்டிப் பார்த்து, பிரிண்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததில் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அதற்குள் வரத்து கூடிவிட்டது, விலை இறங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "மொக்கு வாய் திறந்துரும்யா, சீக்கிரம் பாரு" என்று மட்டும்தான் சொன்னார்.

சர்வரின் லாக்கில், அதாவது நிகழ்வுப் பதிவில், 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' (திறந்த ஃபைல்கள் அளவுக்கு மீறிவிட்டன) என்ற ஒரே வரி லட்சக்கணக்கில் இருக்கிறது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது. விற்ற நிறுவனத்தைக் கேட்டால், "யாரோ தாக்குகிறார்கள், பெரிய சர்வரும் பாதுகாப்புச் சேவையும் வாங்குங்கள்" என்கிறார்கள். வாடகை மூன்று மடங்காகும். பூ மார்க்கெட் சர்வரை யார் எதற்குத் தாக்கப் போகிறார்கள்?


கோரிப்பாளையம் நெட் · செவ்வாய், காலை 11.05

யார் வேண்டுமானாலும் தாக்கலாம் தம்பி. இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளை, அதாவது சர்வர் இணைப்புகளை வாங்கும் எண்ணிட்ட வாசல்களை, ஆள் பார்த்து யாரும் தட்டுவதில்லை. நான் இணைய இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டால் சின் ஃபிளட் என்ற தாக்குதல் மாதிரி இருக்கிறது. இணைப்பு கேட்டு முதல் பாக்கெட்டை (சின்னத் தரவுப் பொட்டலம்) அனுப்புவார்கள், சர்வர் பதில் அனுப்பிவிட்டு மூன்றாவது பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும், அது வராது. அப்படி அரைகுறையாய் நிற்கும் இணைப்புகள் நிறைந்ததும் புது ஆளுக்கு இடம் இருக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கில் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை இப்படித்தான் பல நாள் முடக்கினார்கள்.


வைகைக்கரையான் · செவ்வாய், மதியம் 1.30

அண்ணே, பேனிக்ஸ் கதை சரி. ஆனால் இங்கே அது பொருந்தவில்லை. சின் ஃபிளட் என்றால் தராசுகள் இணையவே முடியாமல் தவிக்கும், பச்சை விளக்கு எரியாது. அந்த வகைத் தாக்குதலுக்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பவர் சொன்ன சின் குக்கி என்ற உத்தியும் அதே 1996-இல் வந்துவிட்டது. மூன்றாவது பாக்கெட் வரும்வரை சர்வர் எதையும் நினைவில் வைக்காது, தேவையான குறிப்பைத் தன் பதிலுக்குள்ளேயே ஒளித்து அனுப்பிவிடும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இன்றைய சர்வர்களில் நெரிசல் வந்தால் அது தானாகவே வேலை செய்யும்.

தம்பி, லாக்கில் உள்ள 'ஃபைல்' என்ற சொல்தான் உங்களை டிஸ்க் பக்கம் இழுத்துவிட்டது. லினக்ஸில் திறந்த நெட்வொர்க் இணைப்பும் ஒரு ஃபைல் மாதிரிதான் எண்ணப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அதை ஃபைல் டிஸ்கிரிப்டர் என்போம். ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை எண் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. யாரும் மாற்றியிருக்காவிட்டால் வழக்கமாக 1024. உங்கள் சர்வர் அந்த 1024-ஐயும் தின்றுவிட்டது என்றுதான் லாக் சொல்கிறது. 34 தராசுக்கு ஏன் 1024 என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை நிற்கும்போது ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். கஷ்டம்தான், ஆனால் இரண்டு நிமிடம் பொறுங்கள். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, எடை போர்ட்டில் எத்தனை இணைப்பு 'எஸ்டாப்ளிஷ்டு' (முழுதாய் இணைந்த) நிலையில், எத்தனை 'சின் ரிசீவ்டு' (அரைகுறையாய் நிற்கும்) நிலையில் என்று எண்ணுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டின், அதாவது புது இணைப்புக்காகக் காத்திருக்கும் முனையின், வரிசையில் எத்தனை நிற்கிறது என்றும் பாருங்கள். நிரல் திறந்து வைத்திருக்கும் டிஸ்கிரிப்டர்களையும் எண்ணி இங்கே போடுங்கள். எந்த முகவரியிலிருந்து வந்தவை என்பதும் வேண்டும்.


பூமார்க்கெட் தம்பி · வியாழன், காலை 6.50

அண்ணே, இன்று விடியற்காலை 4.40-க்கு மறுபடி நின்றது. கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு எடுத்தேன்.

எடை போர்ட்டில் எஸ்டாப்ளிஷ்டு: 1020. சின் ரிசீவ்டு: ஒன்று கூட இல்லை. கேட்கும் சாக்கெட்டின் வரிசையில்: 5. நிரலின் டிஸ்கிரிப்டர்கள்: சரியாக 1024.

முகவரிகளைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். எல்லாமே எங்கள் ரௌட்டரும் எங்கள் சிம்களும்தான். வெளியாள் ஒருவர்கூட இல்லை.


குன்றத்து மாணவன் · வியாழன், காலை 8.15

1020-ஐ 34-ஆல் வகுத்தால் சரியாக 30 வருகிறதே!


வைகைக்கரையான் · வியாழன், காலை 8.40

அருமை தம்பி, அதைத்தான் பார்க்க வேண்டும். கணக்கைப் போட்டுவிடுகிறேன். 1024-இல் நிரலின் சொந்தத் தேவைக்கு 9 போயிருக்கிறது: எந்த நிரலுக்கும் தொடக்கத்திலேயே இருக்கும் மூன்று, கேட்கும் சாக்கெட் ஒன்று, லாக் ஒன்று, டேட்டாபேஸுக்கு நான்கு என்று இருக்கலாம். மீதி 1015. ஆனால் எஸ்எஸ் காட்டுவது 1020. அந்த மிச்ச 5 பேர்தான் நின்றுபோன தராசுகள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அவர்களுடன் கைகுலுக்கி முடித்துவிட்டது, அதனால் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் நிரலால் அவர்களை உள்ளே எடுக்க முடியவில்லை, எண் தீர்ந்துவிட்டது. அதனால் வரிசையிலேயே நிற்கிறார்கள். எடை வந்து கெர்னலின் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) கிடக்கிறது, படிக்க ஆள் இல்லை.

கடைசியாக வந்து இணைந்த ஐந்து பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தராசு. நீங்கள் தராசையும் கேபிளையும் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இன்னொன்று. உள்ளே எடுக்க முடியாதபோது நிரல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது நிற்காமல் மறுபடி மறுபடி முயல்கிறது, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு லாக் வரி எழுதுகிறது. அந்த லட்சக்கணக்கான வரிகள் அப்படி வந்தவை. சிபியுவும் முழுதாய் ஓடியிருக்கும். சரி, இப்போது ஒரு கேள்வி: எல்லாத் தராசும் ஒரே நேரத்தில் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக இணைவது எப்போது?


உசிலைக்காரி · வியாழன், காலை 9.30

கரண்ட் போகும்போது.

பெட்டி ஒழுங்காக அணைக்கப்பட்டால் 'முடித்துக்கொள்கிறேன்' என்று ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டுப் போகும். கரண்ட் பட்டென்று போனால் அதுவும் செத்துவிடும், ரௌட்டரும் செத்துவிடும். சர்வருக்கு ஒரு சேதியும் வராது. கரண்ட் வந்ததும் பெட்டி புது இணைப்பு போடும். பழையது சர்வர் பக்கத்தில் உயிரோடு இருப்பதாகவே பதிவில் இருக்கும். தம்பி, மார்க்கெட்டில் ஜெனரேட்டர் இருந்தால், அதை ஓட்டுகிறவரிடம் போன ரீஸ்டார்ட்டிலிருந்து எத்தனை முறை மாற்றினார் என்று கேட்டுப் பாருங்கள்.


பூமார்க்கெட் தம்பி · வியாழன், மாலை 5.10

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஜெனரேட்டர் பார்க்கும் அண்ணன் ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு மாற்றத்தையும் டீசல் கணக்குக்காக எழுதி வைத்திருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பக்கங்கள், நேரம் மட்டும் தெளிவாக இருந்தது. கடைசியாக நான் ரீஸ்டார்ட் செய்த நாளிலிருந்து இன்று காலை வரை 31 வரி. அதில் இரண்டு இடத்தில் கரண்ட் வந்து சில நொடிக்குள் மறுபடி போயிருக்கிறது, பெட்டிகள் எழுந்து இணைவதற்குள்ளேயே. அவற்றைக் கழித்தால் 29. முதல் இணைப்பைச் சேர்த்தால் 30. 30 முறை 34.

இருபத்தெட்டு முறை தாங்கி, இருபத்தொன்பதாவது முறை ஐந்து தராசை விட்டிருக்கிறது. மழை நாளில் ஏன் அதிகம் என்பதும் இப்போது புரிகிறது. இரண்டு வருடமாக இதே கணக்குத்தான் ஓடியிருக்கிறது.


குன்றத்து மாணவன் · வியாழன், இரவு 8.00

எனக்கு ஒரு சந்தேகம். எதிர்முனை செத்துவிட்டது என்று லினக்ஸுக்குத் தானாகத் தெரியாதா?


வைகைக்கரையான் · வியாழன், இரவு 9.20

தெரியாது தம்பி. தராசுப் பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்ளும் டி.சி.பி. இணைப்பு என்பது இரண்டு முனையிலும் எழுதி வைத்த குறிப்புதான், நடுவில் ஓடும் கம்பி கிடையாது. யாரும் எதுவும் அனுப்பாவிட்டால் அந்தக் குறிப்பு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சர்வர் ஏதாவது அனுப்பியிருந்தால் பதில் வராமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் கைவிட்டிருக்கும். இந்தச் சர்வரோ எடை வந்தால் மட்டும்தான் வாய் திறக்கிறது.

எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க கீப்அலைவ் என்று ஒன்று உண்டு. அதை நிரல் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் கிடையாது. கேட்டாலும் இயல்பு நிலையில் 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் முதல் சோதனை போகும். பிறகு 75 நொடிக்கு ஒன்றாக 9 சோதனை. மார்க்கெட் வேலைக்கு அது ரொம்ப நீளம், குறைத்து வைக்க வேண்டும்.

பூமார்க்கெட் தம்பி, பெட்டி சும்மா இருக்கும்போது சர்வருக்கு ஏதாவது அனுப்புகிறதா?


பூமார்க்கெட் தம்பி · வியாழன், இரவு 9.45

அனுப்புகிறது அண்ணே. 30 நொடிக்கு ஒரு முறை தன் எண்ணை அனுப்புகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லத்தான்.


வைகைக்கரையான் · வியாழன், இரவு 9.55

அப்படியென்றால் மருந்து கையிலேயே இருந்திருக்கிறது. மூன்று முறை அந்தச் சேதி வராவிட்டால், 90 நொடியில், இணைப்பை மூடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எதிர்முனையில் அவ்வளவு ஒழுங்காக ஒரு பெட்டி 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்கிறது. சொல்லாமல் போனதைக் கவனிக்க இந்த நிரலில் யாரும் இல்லை. இதை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.


குன்றத்து மாணவன் · வெள்ளி, இரவு 11.30

பூமார்க்கெட் அண்ணன் தனிச்செய்தியில் நிறுவன இன்ஸ்டாலரைக் கொடுத்தார். என் லேப்டாப்பிலேயே ஒரு மெய்நிகர் இயந்திரத்தில், வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாமல் போட்டுப் பார்த்தேன். இன்னொரு இயந்திரத்திலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வெறும் இணைப்பு மட்டும் திறந்துகொண்டே போகும் பத்து வரி பைத்தான் நிரல். ஒரு எழுத்துகூட அனுப்பவில்லை. கடவுச்சொல் இல்லை, பெட்டி எண் இல்லை.

சில நொடிதான். அதற்கு மேல் எந்தப் புது இணைப்பையும் நிரலால் உள்ளே எடுக்க முடியவில்லை. நான் கையை எடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே இருந்தது. என் பக்கத்து இயந்திரத்தின் பவரைப் பிடுங்கிவிட்டேன், அப்போதும் அப்படியே இருந்தது.


உசிலைக்காரி · சனி, காலை 7.45

இங்கேதான் விஷயம் மாறுகிறது. இதுவரை நாம் பேசியது கரண்ட்டால் வந்த கோளாறு. தம்பி காட்டியிருப்பது, போர்ட்டைத் தொட முடிந்த எவரும் எந்த அனுமதியும் இல்லாமல் மொத்த மார்க்கெட்டையும் நிறுத்தலாம் என்பதை. இது பாதுகாப்பு ஓட்டை. வலை வழியாக, எளிதாக, கடவுச்சொல் இல்லாமல், எவரும் எதையும் சொடுக்கத் தேவையில்லாமல் சேவையை முழுதாக முடக்கலாம், தரவு எதுவும் திருடுபோகாது என்றால் ஓட்டைகளின் தீவிரத்தை அளக்கும் சி.வி.எஸ்.எஸ். முறையின் மூன்றாம் பதிப்புக் கணக்கில் 10-க்கு 7.5 வரும். 'உயர்' வகை.

மாணவன் தம்பி, சொந்த இயந்திரத்தில் செய்தது ரொம்பச் சரி. மற்றவர்கள் யாரும் ஓடுகிற சர்வரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அனுமதியின்றி ஒரு கணினியின் சேவையை மற்றவருக்குக் கிடைக்காமல் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இல் வருகிறது. நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66-படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.


தெப்பக்குளத்தார் · சனி, காலை 10.10

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாவற்றையும் படித்தேன். இளைஞர்கள் அழகாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் கடைக்காரருக்கு நாளைக் காலை தராசு ஓட வேண்டும். வரம்பை 1024-லிருந்து 65535-க்கு உயர்த்துங்கள். தினமும் இரவு ஒரு மணிக்குச் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வையுங்கள். ஒரு நாளில் இத்தனை முறை கரண்ட் போகாது. வேலை முடிந்தது. யாரும் தாக்காத இடத்தில் தாக்குதலைப் பற்றி ஏன் பேச வேண்டும்?


வைகைக்கரையான் · சனி, காலை 11.25

ஐயா, நாளைக் காலைக்கு நீங்கள் சொன்னதைத்தான் செய்ய வேண்டும், அதில் மறுப்பே இல்லை. தம்பி, இன்றே செய்துவிடுங்கள்.

ஆனால் அதோடு வேலை முடியாது. வரம்பை உயர்த்துவது கரண்ட் கோளாறைத் தள்ளிப்போடும், வேண்டுமென்று செய்கிறவனைத் தடுக்காது. ஒரு லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு, இயல்பு அமைப்பில் 28,232 இணைப்பு போடலாம், 32768 முதல் 60999 வரையுள்ள போர்ட்டுகள். 65535-ஐ நிரப்ப மூன்று லேப்டாப் போதும். அந்த அமைப்பை விரித்துவிட்டால் அவ்வளவும் வேண்டியதில்லை. மேலும் இந்த நிரல் இணைப்புக்கு ஒரு த்ரெட் (தனி வேலை இழை) வைக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் எண் தீர்வதற்கு முன்பே நினைவகம் தீர்ந்துவிடும், அப்போது ஐந்து தராசு நிற்காது, சர்வரே விழும்.

இணைய இணைப்பின் கொள்ளளவையே அடைத்து முடக்குவதற்குப் பெரிய படை வேண்டும். 2018 பிப்ரவரியில் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் வந்தது, திறந்து கிடந்த மெம்கேஷ்டு என்ற தற்காலிகத் தரவு சர்வர்களை ஒலிபெருக்கி மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். இங்கே அதெல்லாம் தேவையில்லை. 2009-இல் வந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் நிரல் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு கணினி, அப்பாச்சி என்ற வலை சர்வரிடம் கோரிக்கையின் தலைப்பைத் துண்டு துண்டாக, முடிக்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வரின் வேலையாட்கள் எல்லோரும் அந்த முடியாத பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். அனுப்பியவனுக்குச் செலவு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் இத்தனை நொடிக்குள் தலைப்பு முழுதாக வர வேண்டும் என்று காலக்கெடு வைக்கும் மாட்யூலை அப்பாச்சி சேர்த்தது.


கோரிப்பாளையம் நெட் · சனி, மதியம் 12.40

முதல் நாள் நான் தாக்குதல் என்று சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒரு யோசனை: ஒரு முகவரியிலிருந்து 20 இணைப்புக்கு மேல் வந்தால் ஃபயர்வாலில் வெட்டிவிடலாமே?


பூமார்க்கெட் தம்பி · சனி, மதியம் 1.15

அண்ணே, 26 தராசு ஒரே ரௌட்டர் வழியாக வருகிறது. வெளியே ஒரே முகவரி. 20-இல் வெட்டினால் முதல் நாளே ஆறு தராசு நிற்கும்.


கோரிப்பாளையம் நெட் · சனி, மதியம் 1.30

ஆமாம், அதை மறந்துவிட்டேன். சிம் பெட்டிகளுக்கும் அதே சிக்கல்தான். மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அங்கே ஒரு முகவரியை வெட்டினால் சம்பந்தமில்லாதவர்களையும் வெட்டுவோம். ரௌட்டருக்கு நிலையான முகவரி ஒன்று வாங்கித் தருகிறேன், பிரதான போர்ட்டை அந்த முகவரிக்கு மட்டும் திறந்து வையுங்கள். 8 சிம் பெட்டிகளுக்குத் தனிப் போர்ட், தனி வரம்பு. அந்தப் போர்ட்டை யாராவது நிரப்பினாலும் 26 தராசு ஓடும்.


தெப்பக்குளத்தார் · சனி, இரவு 7.20

மதியம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பழைய எக்ஸ்சேஞ்சில் ஒரு வரிசைச் சந்தாதாரர்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கருவிகள்தான் இருக்கும். யாராவது ரிசீவரைத் தூக்கினால் ஒரு கருவி அவருக்குப் போய்விடும். தூக்கியவர் டயல் செய்யாமல், ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டுவிட்டால் அந்தக் கருவி மாட்டிக்கொள்ளும். மழை பெய்து கேபிளில் தண்ணீர் இறங்கினால் இருபது முப்பது லைன் ஒரே சமயத்தில் தூக்கினது மாதிரி காட்டும். அப்போது நல்ல லைன்காரருக்கும் டயல் டோன் வராது. யாரும் தாக்கவில்லை, மழைதான். ராத்திரி ஷிஃப்டில் டார்ச் அடித்துக்கொண்டு, விளக்கு எரிகிற ரேக்கைத் தேடி ஒவ்வொன்றாக நான் கையால் விடுவித்திருக்கிறேன். பிறகு வந்த எக்ஸ்சேஞ்சில் குறிப்பிட்ட நேரம் டயல் செய்யாவிட்டால் இயந்திரமே அந்த லைனைக் கழற்றி ஓரமாக வைத்துவிடும். எங்கள் ராத்திரி வேலை பாதி குறைந்தது.

நான் காலையில் சொன்ன ஒரு மணி ரீஸ்டார்ட், டார்ச் அடித்துக்கொண்டு போகிற வேலைதான். காலக்கெடு வைக்கச் சொல்லுங்கள் தம்பி. நிறுவனத்தை விடாதீர்கள்.


பூமார்க்கெட் தம்பி · ஞாயிறு, இரவு 10.30

ஐயா, நன்றி. நீங்கள் சொன்னதைக் கடைக்காரர்களிடம் அப்படியே சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

நிறுவனத்திடம் பேசினேன். முதலில் "எங்கள் நிரலில் பிழை இல்லை, உங்கள் கரண்ட்டில் பிழை" என்றார்கள். டைரிக் கணக்கையும் மாணவன் தம்பியின் சோதனையையும் அனுப்பியதும், "அடுத்த பதிப்பில் பார்க்கிறோம், வெளியே சொல்லாதீர்கள்" என்றார்கள். தேதி எதுவும் சொல்லவில்லை. இதே மென்பொருள் வேறு ஊர் மார்க்கெட்டுகளிலும் ஓடுகிறது. அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது சரியா? இங்கே பேசியதே தப்போ என்றும் தோன்றுகிறது.


உசிலைக்காரி · திங்கள், காலை 6.30

நீங்கள் இதுவரை நிறுவனத்தின் பெயரோ மென்பொருளின் பெயரோ போர்ட் எண்ணோ சொல்லவில்லை. அதனால் தப்பில்லை. இனியும் சொல்லாதீர்கள். மாணவன் தம்பி, அந்தப் பத்து வரியை எங்கேயும் போடாதே.

நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியதோடு விடாதீர்கள். எந்தப் பதிப்பு, எப்படி நிகழ்கிறது, என்ன பாதிப்பு, என்ன செய்தால் தீரும், இவ்வளவும் ஒரு பக்கத்தில். பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள். அவர்கள் அசையாவிட்டால் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் நம் நாட்டின் அரசு அமைப்பான சர்ட்-இன்னுக்கு அனுப்பலாம். இந்த மாதிரி ஓட்டைகளை வாங்கிக்கொண்டு, தயாரித்தவர்களிடம் பேசி, தேவைப்பட்டால் சி.வி.இ. எண் (ஓட்டைகளுக்கான உலகப் பொது அடையாள எண்) கொடுக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. எண் கிடைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரு வழி கிடைக்கும்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். 2023-இல் இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. 2 நெறிமுறையில் ஒரு ஓட்டை. கோரிக்கையைத் திறந்து உடனே ரத்து செய்வது, மறுபடி திறப்பது, மறுபடி ரத்து. ரத்தானது, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை திறந்திருக்கலாம் என்ற வரம்புக் கணக்கில் வராது, ஆனால் சர்வர் அதற்காக வேலை செய்திருக்கும். கூகுள் பார்த்த உச்சம் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கை. கூகுள், கிளவுட்ஃப்ளேர், அமேசான் மூவரும் தங்களுக்குள்ளும் சர்வர் மென்பொருள் எழுதுகிறவர்களிடமும் பேசி, திருத்தங்களைத் தயார் செய்துகொண்டு, அக்டோபர் 10 அன்று ஒன்றாக வெளியே சொன்னார்கள். முதலில் திருத்துகிறவருக்கு, பிறகு எல்லோருக்கும்.


வைகைக்கரையான் · திங்கள், காலை 9.00

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் தம்பி. நிரலைத் தொட முடியாது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு காவலாளை வைக்கலாம். ஹெச்.ஏ.ப்ராக்ஸி என்ற இடைநிலை மென்பொருள் இலவசம். தராசுகள் அதனிடம் இணையட்டும், அது சர்வரிடம் இணையட்டும். 90 நொடி இரண்டு பக்கமும் பேச்சு இல்லையென்றால் அது இரண்டு முனையையும் மூடிவிடும், சர்வருக்கும் முறையான முடிவுச் சேதி போகும். இணைந்த 10 நொடிக்குள் ஒரு எழுத்தாவது வராவிட்டால் வெட்டு என்றும் வையுங்கள். மொத்தத்துக்கு ஒரு வரம்பும் போடுங்கள், சர்வரின் வரம்புக்குக் கீழே.

வைத்த பிறகு ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். முடிவுச் சேதி வந்தும் நிரல் தன் பக்கம் மூடாவிட்டால் இணைப்பு 'குளோஸ் வெயிட்' நிலையில் தேங்கும். அதற்குக் காலக்கெடுவே கிடையாது, நிரல்தான் மூட வேண்டும். அந்த எண்ணிக்கை ஏறினால் இந்த வழி வேலைக்கு ஆகாது.


உசிலைக்காரி · திங்கள், காலை 9.40

ஒன்று சேர்க்கிறேன். இது முழுப் பாதுகாப்பு இல்லை. 10 நொடிக்குள் ஒரு எழுத்தும், 90 நொடிக்குள் அடுத்த எழுத்தும் அனுப்பத் தெரிந்தவன் மறுபடி இடத்தை அடைக்கலாம். பெட்டி தன் எண்ணோடு ஒரு ரகசியச் சாவியையும் காட்ட வேண்டும், ஒரு பெட்டிக்கு ஒரு இணைப்புத்தான் என்று இருக்க வேண்டும், புதியது வந்தால் பழையது போக வேண்டும். அதை நிறுவனம்தான் செய்ய முடியும். எழுத்தில் கேட்கும்போது இதையும் கேளுங்கள்.


பூமார்க்கெட் தம்பி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ப்ராக்ஸி வைத்துவிட்டேன். குளோஸ் வெயிட் ஏறவில்லை, நிரல் அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிறது. ரௌட்டருக்கு நிலையான முகவரி வந்துவிட்டது, சிம் பெட்டிகள் தனிப் போர்ட்டில். இரவு ரீஸ்டார்ட்டை இரண்டாவது வாரம் எடுத்துவிட்டேன். எடுத்த நாளிலிருந்து ஜெனரேட்டர் டைரியில் 37 வரி. நேற்று முகூர்த்த நாள், விடியற்காலையில் மூன்று முறை கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் இணைப்பு எண்ணிக்கை 68-க்கு ஏறி, இரண்டு நிமிடத்துக்குள் 34-க்கு இறங்குவதை உட்கார்ந்து பார்த்தேன்.

நிறுவனம் எழுத்துக்குப் பதில் அனுப்பியது. காலக்கெடு வைத்த பதிப்பைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், மாணவன் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். சாவி விஷயத்துக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. சர்ட்-இன்னுக்கும் அனுப்பிவிட்டேன்.


நிலக்கோட்டை கணக்கர் · ஞாயிறு, மாலை 4.50

இந்த இழையை இன்றுதான் படித்தேன். நாங்களும் பூ மார்க்கெட்தான். எங்களிடம் 18 தராசு. பச்சை விளக்கு எரியும், சிட்டை வராது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். இப்போதும் ஏழு தராசு நிற்கிறது. பெட்டியைக் கழற்றப் போகிறேன், அதற்கு முன்னால் கேட்கலாமென்று எழுதுகிறேன்.


பூமார்க்கெட் தம்பி · ஞாயிறு, மாலை 4.53

அண்ணே, பெட்டியில் கை வைக்காதீர்கள், சர்வரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். தனிச்செய்தியில் என் போன் எண் அனுப்பியிருக்கிறேன், கூப்பிடுங்கள். இரண்டு கட்டளை சொல்கிறேன், அதன் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, 18-ஆல் வகுத்துப் பாருங்கள்.